பழைய வேன் கூரையில் சூரிய விளக்கு

அந்தக் காலத்துத் தோட்டங்களில் 'இஞ்சின் லைட்' என்று ஒன்று இருந்ததை ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் இஞ்சின் கொட்டகையில் டீசல் இயந்திரம் உறுமத் தொடங்கும். லயத்து வீடுகளில் மஞ்சள் விளக்கு எரியும். இரவு ஒன்பதோ பத்தோ ஆனால் இஞ்சின் நின்றுவிடும். தோட்டமே இருண்டு போகும். அதற்குப் பிறகு படிக்கிற பிள்ளைக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் மண்ணெண்ணெய் விளக்குதான் துணை.

இன்று வீட்டுச் சுவரில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. ஆனாலும் அந்த இஞ்சின் சத்தம் நம்மில் பலரை விட்டபாடில்லை. இரவுச் சந்தையில் தோசைக் கடை போடுகிறவரின் காலடியில் பெட்ரோல் ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் கோவிலுக்கு வேன் கட்டிக்கொண்டு போய், இரவு அங்கேயே தங்குகிற குடும்பத்துக்கும் அதே கடகடதான். சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வேன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பிள்ளைகள் உறங்க, பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடினால், உறங்கியவர்கள் எழுந்திருக்காமலே போய்விடக்கூடும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது லாரி ஓட்டுகிறான். அவனுடைய தாயார் லோபாக் பக்கம் மாலை நேரத்தில் வேனில் வைத்துத் தோசையும் இடியாப்பமும் விற்கிறார். வேன், காலமான தகப்பனாரின் இ.பி.எப். பணத்தில் வாங்கியது. வாங்கும்போதே அது பழைய வண்டி. பின்புறத்தில் பலகை அடித்து, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரையில் படுத்து எழுந்து வருவதற்கும் வசதி செய்து வைத்திருக்கிறான். அவன் ஒருநாள் வந்து கேட்டான்: "சார், மேல ரெண்டு சோலார் தகடு போடலாம்னு பாக்கிறேன். ஆனா கூரை முழுக்க வரி வரியா இருக்கு சார், நடுவுல ஒரு குழி வேற. கண்ணாடி எப்படி சார் அது மேல உட்காரும்?"

நல்ல கேள்வி. அந்தக் கூரையில் துளை தப்பாக விழுந்தால் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் துரு ஏறும். துரு ஏறினால் அந்த அம்மாவின் பிழைப்பே ஆட்டம் காணும். ஆகவே, நான் அவனுக்குச் சொன்னதையும், பட்டறைக்காரர்களிடமும் தச்சர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

வேனில் படுக்கை போட்டு ஊர் சுற்றுவது புதிய பழக்கமன்று. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-இல் வெளியிட்ட வேனில், மறு ஆண்டே வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதைத்தான் கேம்பர் வேன் என்கிறார்கள். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகடும் ஏறக்குறைய அதே வயதுதான். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் அதைச் செய்து காட்டினார்கள். விழுகிற வெயிலில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் அன்றைய தகடு மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் தகடு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் தருகிறது. ஒரு சின்ன வேன் கூரையே போதும் என்ற நிலை அதனால்தான் வந்தது.

எவ்வளவு வேண்டும்?

கூரையைத் தொடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். நான் கணக்கு வாத்தியார் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் தகடு வாங்கியவர்கள்தாம் பிறகு "சோலார் எல்லாம் சும்மா" என்று பேசித் திரிகிறார்கள்.

5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 அலகு. 20 வாட் காற்றாடி ஆறு மணி நேரம் ஓடினால் 120. கைத்தொலைபேசி நான்குக்கு ஏறக்குறைய 60. ஆக மொத்தம் 255. (அலகு என்று நான் சொல்வது வாட்-மணியை. வீட்டுக் கட்டணச் சீட்டில் வரும் ஒரு யூனிட், இது போல ஆயிரம் கொண்டது.)

நம் நாட்டில் முழு வெயிலுக்குச் சமமாக நாளொன்றுக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் கிடைக்கும் என்று கொள்ளலாம். 100 வாட் தகடு ஒன்று, சூட்டிலும் வயரிலும் பாட்டரியிலும் போகிறது போக, நல்ல நாளில் 300 அலகு வரை தரும். மழை மூட்டமான நாளில் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே விளக்கு, காற்றாடி, தொலைபேசிக்கு 100 வாட் தகடு இரண்டு போட்டால் நிம்மதியாக இருக்கலாம். பால், மாவு வைக்கச் சின்ன 12 வோல்ட் குளிர்பெட்டி வேண்டுமானால், நம் ஊர் வெக்கையில் அதற்கு மட்டும் நாளுக்கு 300 முதல் 500 அலகு வரை தனியாக வேண்டும். சோறு ஆக்கும் மின்சாரப் பானையையும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலையும் மறந்துவிடுங்கள். அதற்கு கேஸ் அடுப்பு இருக்கிறது.

தகடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். குளிர்நாட்டுப் புத்தகங்களில் தகட்டைச் சாய்த்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். சிரம்பான் பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் விலகாது. நமக்கு வானம் பார்த்து மல்லாந்து கிடக்கும் தகடுதான் சரி. சாய்ப்பதற்கென்று தனியாக ஒரு பொறி செய்து காசை விரயம் செய்ய வேண்டாம்.

ரயிலும் படகும்

வளைந்த கூரையில் தகடு போடுவது நடக்காத காரியமல்ல. சென்னை பெரம்பூரில் 1955 முதல் இயங்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையை அறிந்திருப்பீர்கள். அங்கே கட்டிய பெட்டிகளின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, 2017 ஜூலை 14-ஆம் நாள் டில்லியில் ஒரு ரயிலை ஓடவிட்டார்கள். தகடு பொருத்தும் வேலையை இந்திய ரயில்வேயின் மாற்று எரிபொருள் அமைப்பு செய்தது. ஒரு பெட்டிக்கு 300 வாட் தகடு பதினாறு. வண்டியை இழுப்பது டீசல் இஞ்சின்தான். பெட்டிக்குள் இருக்கும் விளக்குக்கும் காற்றாடிக்கும் சூரியன். மிச்சமாகும் மின்சாரம் பாட்டரிக்குப் போகும். நமது வேனில் செய்யப் போவதும் இதுவேதான்: ஓட்டுவது பெட்ரோல், உறங்கும்போது காற்று வீசுவது சூரியன்.

அதே 2017-இல், ஜனவரியில், கேரளத்து வைக்கத்தில் 'ஆதித்யா' என்ற 75 பேர் ஏறும் சூரியப் படகு ஓடத் தொடங்கியது. ஆம், 1924-இல் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்ற அதே வைக்கம். அந்தப் படகுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தகட்டை மனத்தில் வைத்தே படகின் கூரையைக் கட்டிக்கொண்டார்கள். நமக்கோ கூரை எப்போதோ யாரோ அடித்தது. அதற்குத் தக்கபடி நாம்தான் வளைந்து கொடுக்க வேண்டும். ஆனால் தகடு மட்டும் வளையக் கூடாது!

கூரை ஏன் கோணல்?

வேன் கூரை மெல்லிய தகரம். அது காற்றில் படபடக்காமல் இருக்க, செய்யும்போதே நீளவாக்கில் வரி வரியாகப் புடைப்பு வைத்து அழுத்தியிருப்பார்கள். மழை வழிந்தோட, நடுவே மேடாகவும் இரு பக்கமும் தாழ்வாகவும் இருக்கும். இது பிறவிக் குணம். இதற்கு மேல், வயதாகும்போது சேர்ந்த குற்றங்கள் உண்டு. மேலே ஏறி நின்று மூட்டை கட்டியதில் விழுந்த குழி, மாமரக் கிளை உரசிய பள்ளம், பழைய உரிமையாளர் பூசி மறைத்த மெழுகு. ஒரு சாதாரண காந்தத்தை எடுத்துக்கொண்டு கூரை முழுவதும் தடவிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடத்தில் தகரத்துக்கு மேல் தடிமனான மெழுகு இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். அங்கே எதையும் ஒட்டவோ முடுக்கவோ கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுவதுண்டு. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாற்காலி கொஞ்சம் மேடுபள்ளம் என்றாலும் ஆடும். ஆடாமல் நிறுத்த வேண்டுமென்று நாற்காலியின் நான்கு காலையும் தரையோடு ஆணி அடித்தால் என்ன ஆகும்? நாற்காலிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். சோலார் தகட்டின் கதையும் அதுதான். நான்கு மூலையையும் கோணல் கூரையோடு இழுத்து முடுக்கினால், அலுமினியச் சட்டம் முறுக்கும். உள்ளே காகிதம் போல் மெல்லியதாக இருக்கும் சிலிக்கன் சில்லுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். மேலே கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும். மின்சாரம் மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும். வாங்கிய கடைக்காரரைத் திட்டுவோம். அவர் மேல் குற்றமே இராது.

எனவே, தகட்டைக் கூரையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இடையில் ஒரு சட்டம் வையுங்கள். கோணலைச் சட்டத்தின் கால்கள் வாங்கிக்கொள்ளட்டும். தகடு சட்டத்தின் மேல் தட்டையாக இருக்கட்டும்.

பழைய வண்டிக்கு உள்ள நன்மை

இந்த இடத்தில் புது வேன்காரர்களைவிடப் பழைய வேன்காரர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். பழைய வேன்கள் பலவற்றில் கூரையின் இரு ஓரத்திலும் மழைநீர் வழிவதற்கு ஒரு விளிம்பு ஓடும். அது வண்டியின் பக்கச் சுவரும் கூரையும் சேருமிடம். கூரையின் மற்ற எந்தப் பகுதியையும்விட உறுதியானது. மூட்டை கட்டும் கேரியருக்கு இந்த விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

இரண்டு அலுமினிய நாற்கோணக் குழாய்களை இந்தக் கால்களின் மேல் குறுக்காக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பாலம் போல் வையுங்கள். கூரையின் நடுமேட்டுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். இப்போது கூரையில் வரி இருந்தால் என்ன, குழி இருந்தால் என்ன? பாலத்துக்குக் கீழே ஆறு எப்படி ஓடினாலும் நமக்குக் கவலையில்லை.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்தே ஆகவேண்டும். முன் குழாயும் பின் குழாயும் ஒன்றுக்கொன்று முறுக்கில்லாமல் இருக்கின்றனவா? இதற்குக் கருவி வேண்டாம். தச்சர் பலகை பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை நோக்குவார். அதே போல் வண்டிக்குப் பின்னால் ஏணியில் நின்று, பின் குழாயின் மேல் விளிம்பு வழியாக முன் குழாயின் மேல் விளிம்பை ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தால் சரி. ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தால், தாழ்ந்த காலுக்கும் குழாய்க்கும் இடையில் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கு மரத்துண்டு வேண்டாம். மழையில் ஊறி உளுத்துப் போகும். காய்கறி நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கி அறுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு அது நன்றாகத் தாங்கும், வேண்டிய கனத்துக்கு இழைக்கவும் முடியும். என் பழைய மாணவனின் வேனில் வலப்பக்க முன்காலுக்கு மட்டும் 9 மில்லிமீட்டர் முட்டு தேவைப்பட்டது. யாரோ எப்போதோ அந்தப் பக்கம் இடித்திருக்க வேண்டும்.

தகட்டைக் குழாயோடு பிணைக்கும்போது, தகட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தால் கண்ணாடிக்கு ஆபத்து. ஒவ்வொரு போல்ட்டிலும் ரப்பர் வளையம் ஒன்று சேர்த்து, ஒரு பக்கத்தை இறுக்கமாகவும் மறுபக்கத்தை ரப்பர் சற்றே நசுங்கும் அளவுக்கு மட்டும் முடுக்கினால் போதும். வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது வேன் உடம்பே லேசாக முறுக்கும். அந்த முறுக்கு தகட்டுக்குப் போகாமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். லாபு பக்கத்துச் செம்பனைக் காட்டுச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விளிம்பு இல்லாத வண்டிகள்

விளிம்பு இல்லாவிட்டால், அல்லது அது துருவேறிப் போயிருந்தால், கூரையின் மேலேயே கால் பதிக்க வேண்டும். இரண்டு வழி உண்டு: ஒட்டுவது, முடுக்குவது.

ஒட்டுவதற்கு வண்டிக் கண்ணாடி பொருத்தப் பயன்படும் பாலியூரிதேன் பசை வேண்டும். சிக்காபிளெக்ஸ் என்று கேட்டால் கடையில் புரிந்துகொள்வார்கள். பசையின் வலிமை பெரிதுதான். ஆனால் பசை பிடித்திருப்பது சாயத்தை; சாயம் பிடித்திருப்பது தகரத்தை. சாயம் உரிந்தால் பசை என்ன செய்யும்? உரிந்த சாயத்தையும் பற்றிக்கொண்டு தகடோடு பறந்து போகும். ஆகவே துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துருத்தடுப்புச் சாயம் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.

காலாக வைக்கும் பிளாஸ்டிக் கட்டையின் அடிப்பாகம் கூரையின் வளைவுக்குப் பொருந்த வேண்டுமல்லவா? அதற்கு ஒரு எளிய வழி. வரிகளுக்கு நடுவில், கட்டை உட்காரப் போகும் இடத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே தெரியும்படி விரித்து ஓரங்களை ஒட்டிவிடுங்கள். அதன் மேல் கட்டையை வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். சிறிது நேரத்தில் கூரையின் வளைவு அப்படியே கட்டையின் அடியில் இறங்கிவிடும். நாளைக்கு வேறு இடத்தில் வைத்தால் அது பொருந்தாது. ஒவ்வொரு கட்டையிலும் அதன் இடத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு ஒரு வாரமாவது வண்டியை வேகமாக ஓட்டக் கூடாது. பசை வெளி ஓரத்திலிருந்து உள்ளே மெல்ல மெல்லத்தான் இறுகும்.

முடுக்குவதானால், தகரத்தில் மட்டும் கடித்து நிற்கும் திருகாணியை நம்ப வேண்டாம். மெல்லிய தகரத்தில் அதற்குப் பிடிமானம் ஏது? போல்ட் போட்டு, உள்பக்கம் அகலமான தகடு கொடுத்து நட் முடுக்குங்கள். துளை போட்டவுடன் அதன் வெட்டு விளிம்பில் துருத்தடுப்புச் சாயம் தொட வேண்டும். துருப்பிடிக்காத இரும்பு போல்ட்டே வாங்குங்கள். அலுமினியமும் சாதாரண இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன பாட்டரியே உண்டாகி, உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். போர்ட்டிக்சன் கடற்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு பட்டறையில் பார்த்தேன். வளையும் தகடு என்று விற்கிறார்களே, அதை வரிக் கூரையின் மேல் அப்படியே ஒட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வரிக்கும் வரிக்கும் இடையே தகட்டுக்கு அடியில் வெற்றிடம். கை வைத்து அழுத்தினால் 'டொக் டொக்'கென்று அமுங்கியது. அங்கே தண்ணீர் தேங்கும். காற்றோட்டம் இல்லாததால் தகடு வெந்து போகும். தகட்டின் அளவைச் சொல்லும்போது 25 பாகைச் சூட்டில் சோதித்துச் சொல்கிறார்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கூரைத் தகடு 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்குக் கால் முதல் அரை பங்கு வரை மின்சாரம் குறைவதால், எட்டில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. அடியில் காற்று புக வழி இருந்தால் இழப்பு குறையும். என்னைக் கேட்டால், வரிக் கூரைக்கு அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடித் தகடே மேல்.

காற்று

காற்று புக வழி வேண்டும் என்றேன். அதே காற்றுதான் எதிரியும். 100 வாட் தகடு ஏறக்குறைய அரை முதல் முக்கால் சதுர மீட்டர் இருக்கும். எடை ஆறு முதல் எட்டு கிலோ. நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் அடியில் காற்று முழுதாகப் புகுந்தால், 20 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தூக்கும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். எதிரே பெரிய லாரி வந்து கடக்கும்போது விழும் அடி வேறு.

இதற்காகப் பயப்பட வேண்டாம். கவனமாக இருந்தால் போதும். தகட்டைக் கூரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். முன் விளிம்பில் ஒரு சாய்வான அலுமினியத் தகடு வைத்தால் காற்று மேலே ஏறிப் போகும். கடைசியாக, துருப்பிடிக்காத கம்பி வடம் ஒன்றைத் தகட்டுச் சட்டத்திலிருந்து வண்டியின் உறுதியான பாகத்துக்குக் கட்டிவிடுங்கள். எல்லாப் போல்ட்டும் கழன்றாலும் தகடு பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளையின் மேல் பறந்து விழாது. பசையை மட்டும் நம்பி ஒட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

வேலை தொடங்குமுன் ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் காப்புறுதிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் உயரமும் எடையும் கூடுகிறதே! பின்னால் விபத்து என்று வந்தால் "கேட்காமல் செய்தாய்" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

உள்ளே

வயர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். கூரையிலிருந்து வயர் உள்ளே இறங்கும் துளைக்கு மேல் ஒரு மூடிப்பெட்டி ஒட்டி, அதன் வாய் வண்டியின் பின்புறம் பார்த்திருக்கும்படி வையுங்கள். உள்ளே நுழையுமுன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வயரோடு வரும் மழைநீர் வளைவில் சொட்டிவிடும்.

தகடு இரண்டானால், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து இணையாகக் கொடுப்பது நமக்கு நல்லது. வளைந்த கூரையில் இடப்பக்கத் தகடும் வலப்பக்கத் தகடும் ஒரே அளவு வெயிலைப் பார்ப்பதில்லை. ரப்பர் மரக் கிளையின் நிழல் ஒன்றின் மேல் விழுந்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். ஒரு தகட்டுக்குள் 36 சில்லுகள் சங்கிலி போல் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் மேல் ஓர் இலை ஒட்டிக்கொண்டாலே தகட்டின் மின்சாரம் பெருமளவு விழுந்துவிடும்.

தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இரண்டு தகட்டுக்கு 20 ஆம்பியர் போதும். எம்.பி.பி.டி. என்ற வகை விலை கூடுதல். மேகமூட்டமான நாளில் கொஞ்சம் அதிகம் தரும். கருவியோடு முதலில் பாட்டரியை இணையுங்கள், பிறகுதான் தகட்டை. கழற்றும்போது முதலில் தகடு. வேலை முடியும்வரை தகட்டைப் போர்வையால் மூடி வைப்பது புத்திசாலித்தனம்.

பாட்டரிக்கு வண்டி இஞ்சினின் பாட்டரியையே பயன்படுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளத் தயாராக இருக்க வேண்டும். தனிப் பாட்டரி அவசியம். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியில் 1,200 அலகு இருக்கிறது என்றாலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வரை எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. விலைதான் கடிக்கும். ஈயப் பாட்டரியைப் படுக்கைக்குக் கீழே காற்றுப் புகாமல் அடைத்து வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும்.

பாட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் வயர் உரசி இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்; வயர் பழுத்துச் சிவந்து மெத்தையைப் பற்றவைக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பியூஸ் இல்லாமல் வேனில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியை நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் அமுங்கிச் சில தளர்ந்திருக்கும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். அப்போதே, வெயில் ஏறுமுன் காலையில், ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துவிடுங்கள். பறவை எச்சமும் செம்பனைக் காட்டுத் தூசியும் தானாகப் போகாது. சூடேறிய கண்ணாடியின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கட்டைகளின் ஓரத்தில் பழுப்புக் கறை வழிந்திருந்தால், அடியில் துரு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஒரு காலை மட்டும் கழற்றி, சுரண்டிச் சாயம் பூசி, காய்ந்ததும் அதே எழுத்துப் போட்ட கட்டையை அதே இடத்தில் வையுங்கள்.